புது வண்டிக்குக் கூடுதல் சாமான்கள்: எதைக் கேட்டு வாங்குவது, எதை விடுவது?



கடைக்கு ஒரு வண்டி வாங்குவது நம்மில் பலருக்குப் பத்து வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் காரியம். வண்டியின் விலையை நான்கு இடத்தில் விசாரிக்கிறோம். மைலேஜ் எவ்வளவு, மெக்கானிக் எங்கே கிடைப்பார் என்றெல்லாம் ஏற்கெனவே வைத்திருப்பவர்களைக் கேட்கிறோம். ஆனால் முன்பணம் கட்டிய பிறகு ஷோரூமில் இன்னொரு தாள் நம் முன் வைக்கப்படுகிறது. சீட் கவர், மேட், பம்பர், விளக்கு, ரிவர்ஸ் கேமரா, பாட்டுப் பெட்டி, துருப்பிடிக்காத பூச்சு, கூடுதல் வாரண்டி, இன்சூரன்ஸில் சேர்க்கும் தனிக் காப்புகள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். துவரம்பருப்பு கிலோவுக்கு ஐம்பது காசு குறைய அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்தத் தாளில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். "வண்டியே இத்தனை லட்சம், இதில் இது என்ன?" என்ற எண்ணமே காரணம்.

இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

தறியும் வண்டியும்

நம் ஆரணியில் இதை விளங்கவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. ஒருவர் பட்டுப்புடவைக்குச் சொல்லி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், எத்தனை அங்குலக் கரை, முந்தானையில் என்ன வேலைப்பாடு, எவ்வளவு ஜரிகை என்பதையெல்லாம் பாவு தறியில் ஏறுவதற்கு முன்பே அவர் சொல்லியாக வேண்டும். பாதி நெய்தபிறகு "கரையை அகலமாக்குங்கள்" என்றால் நடக்காது. ஆனால் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதும், ஃபால்ஸ் தைப்பதும் அப்படியல்ல. புடவை தறியைவிட்டு இறங்கிய பிறகு எந்தக் கடையிலும் செய்துகொள்ளலாம். அதற்காக நெசவாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டிக்கும் இதுவே விதி. ஆலையில் மட்டுமே பொருத்தக்கூடியவை சில உண்டு. அவற்றை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்க வேண்டும். கையில் வண்டி வந்தபிறகு கடைவீதியில் பொருத்திக்கொள்ளக் கூடியவை சில உண்டு. அவற்றுக்கு அவசரமே இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் பொருத்தக் கூடாதவை சிலவும் உண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் இந்த மூன்றில் ஒன்றில் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரும் செல்வந்தர்கள் வாங்கும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கதைதான். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தரும் பட்டியலில் இருக்கையின் தையல் நூலுக்குக்கூட நிறம் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அந்தக் கார்களை வாங்கிப் பழகியவர்களும் இருக்கை, பிரேக், கியர்பாக்ஸ் போன்ற பிறகு மாற்ற முடியாதவற்றுக்கே முதலில் பணம் ஒதுக்குகிறார்கள். தன் மனதுக்குப் பிடித்த நிறத்துக்கும் தையலுக்கும் கொடுத்த பணம், விற்கும்போது முழுதாகத் திரும்புவதில்லை. கோடி ரூபாய் காருக்கும் நம் குட்டி யானைக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசமில்லை.

ஆர்டரிலேயே கேட்க வேண்டியவை

2005-இல் டாடா ஏஸ் வந்தபிறகு, நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இந்த வகை வண்டிகளே இன்று மளிகை, அரிசி, எண்ணெய் வியாபாரத்தின் கைகால்கள். களம்பூரிலிருந்து அரிசி, வேலூரிலிருந்து காய்கறி, சேவூர், தேவிகாபுரம், கண்ணமங்கலம் சுற்றுவட்டக் கடைகளுக்குச் சில்லறைச் சரக்கு என்று தினமும் ஓடும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியவை இவை.

பவர் ஸ்டியரிங்: சில ரகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. பாரம் ஏற்றிக்கொண்டு குறுகலான தெருக்களில் நாளெல்லாம் வளைத்துத் திருப்பும் ஓட்டுநருக்கு இது சொகுசல்ல. கை வலிக்கும் வண்டியில் நல்ல ஓட்டுநர் நிலைப்பதில்லை. இதைப் பிறகு பொருத்துவது பெரும்பாடு.

எரிபொருள்: டீசலா, பெட்ரோலா, சி.என்.ஜி.யா, மின்சாரமா என்பது ஆலையில் தீர வேண்டிய விஷயம். நம் வண்டி தினம் போகும் வழியில் சி.என்.ஜி. பங்க் எங்கே இருக்கிறது, அங்கே வரிசை எவ்வளவு என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிலிண்டரின் எடையும் நாம் ஏற்றும் பாரத்தில் கழியும் என்பதை மறக்க வேண்டாம்.

பாடி: திறந்த பாடியா, உயரப் பலகை வைத்ததா, மூடிய பெட்டியா என்பதைச் சரக்கே தீர்மானிக்கட்டும். சர்க்கரை, மைதா, ரவை ஏற்றுபவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நடை நனைந்தால் போதும், ஒரு மாத லாபம் கரைந்துவிடும். பட்டுச் சரக்கு ஏற்றுபவருக்கோ பூட்டுப் போடும் மூடிய பெட்டியே பாதுகாப்பு. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மட்டும் ஏற்றுபவருக்குத் திறந்த பாடியும் நல்ல தார்ப்பாயும் போதும். எந்தப் பாடியோ, அதுவே ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். பதிவான பிறகு பாடியை மாற்றினால் அதற்குத் தனி அனுமதியும் அலைச்சலும் உண்டு.

பாதுகாப்பு: பிரேக், காற்றுப்பை போன்றவற்றில் எந்த ரகத்தில் எது உண்டு என்று கேளுங்கள். நேற்று கூடுதல் சாமானாக இருந்தது இன்று சட்டமாகிவிடுகிறது. கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. சட்டம் கட்டாயமாக்கிய சாமானுக்கு யாரும் நம்மிடம் தனியாகப் பணம் கேட்க முடியாது. பட்டியலில் அப்படி ஏதாவது தனி விலையோடு இருந்தால், "இது வண்டியோடு வர வேண்டியதுதானே?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வண்டியோடு வருவதே.

பிறகு வாங்கிக்கொள்ளக் கூடியவை

சீட் கவர், மேட், மட்பிளாப், தார்ப்பாய், கயிறு, பாட்டுப் பெட்டி, செல்போன் ஸ்டாண்டு, சக்கர மூடி ஆகியவை எல்லாம் புடவைக்குக் கட்டும் குஞ்சம் போன்றவை. இவை எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். ஷோரூம் விலையையும் வெளி விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மாதம் வண்டியை ஓட்டிய பிறகு எது உண்மையில் தேவைப்படுகிறதோ அதை மட்டும் வாங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சாரம் எடுக்கும் சாமான் எதுவானாலும், ஒயரை வெட்டி ஒட்டுப்போடும் வேலையை வாரண்டி காலத்தில் அனுமதிக்காதீர்கள். பின்னால் மின் இணைப்பில் கோளாறு வந்தால் "வெளியில் கைவைத்திருக்கிறீர்கள்" என்று சொல்லி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்ததாகும். கேமரா, கூடுதல் விளக்கு போன்றவை வேண்டுமானால், கம்பெனி பொருத்திக் கொடுக்கும் சாமானாகவே வாங்கி, பில்லும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இலவசமானாலும் வேண்டாதவை

முன்னால் பொருத்தும் இரும்புக் குழாய்த் தடுப்பு, அதாவது புல் பார், சட்டப்படி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி அந்த வேலையைச் செய்ய முடியாமல் போவதும், காற்றுப்பை சரியாக விரியாமல் போகக்கூடும் என்பதும், நடந்து போகிறவர்மேல் பட்டால் காயம் பலமாவதும் இதற்குக் காரணங்கள். பல ஒலி எழுப்பும் ஏர் ஹாரன், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளைப் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றமே கண்டிப்பான உத்தரவு போட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பணம் கொடுத்து அபராதத்தை வாங்குவானேன்?

எடைக்கும் விலை உண்டு

சரக்கு வண்டிக்காரர்கள் அதிகம் கவனிக்காத கணக்கு இது. வண்டியும் சரக்கும் சேர்ந்து மொத்தம் இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று ஆர்.சி.யிலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தொகை மாறாது. ஆகவே வண்டியில் நாம் சேர்க்கும் ஒவ்வொரு கிலோ இரும்பும் ஒரு கிலோ சரக்கைக் கீழே இறக்கிவிடுகிறது.

முக்கால் டன் சுமக்கும் வண்டியில் கனமான கேரியர், பக்கக் கம்பி, தகடு என்று 60 கிலோ சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 25 கிலோ அரிசி மூட்டை இரண்டுக்கு மேல் குறைகிறது. மாதம் 20 நடை என்றால் 1,200 கிலோ. வருடத்துக்கு 14,400 கிலோ. அதாவது இருபது நடைக்குச் சற்றுக் குறைவான சரக்கை இரும்புக்காக விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்காமல் மேலே ஏற்றினாலோ அதிகபாரம். அதற்குச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியோர் சொன்னது இதற்குத்தான் போலும்.

கார் வாங்குவோர் கவனிக்க

வீட்டுக்கும் கடைக்கும் பொதுவாகக் கார் வாங்கும் உறுப்பினர்களும் நம்மில் பலர். அவர்கள் வரிப் படியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுட்கால வரி மாற்றப்பட்டது. விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். படி தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் புது விகிதமே.

உதாரணமாக, வரிக் கணக்குக்கு எடுக்கும் விலை 9,90,000 ரூபாய் என்றால் 13 சதவீதப்படி வரி 1,28,700 ரூபாய். இதிலேயே 20,000 ரூபாய் கூடுதலான ஒரு ரகத்தை எடுத்தால் விலை 10,10,000 ஆகிறது. 18 சதவீதப்படி வரி 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் சாமானுக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி! ஆலையிலிருந்தே வண்டி விலையோடு சேர்ந்து வரும் சாமான் இந்தக் கணக்கில் வரும். பின்னால் தனி பில்லில் வாங்கிப் பொருத்தும் சீட் கவர் வராது. பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் கார் பார்ப்பவர்கள் இந்தப் படியை முதலில் பார்த்துவிட்டே ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று. வேண்டிய ஒரே ஒரு வசதிக்காக, வேண்டாத ஆறு வசதிகள் சேர்ந்த உயர்ந்த ரகத்தைத் தலையில் கட்டும் வழக்கம் கார் விற்பனையில் உண்டு. ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கைச் சேர்த்துத் தள்ளும் வித்தை நமக்குத் தெரியாததா? அந்த ஒரு வசதிக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று இரண்டு ரகங்களின் விலையைக் கழித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஜி.எஸ்.டி.யில் திரும்பக் கிடைப்பது

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சிறிய கார்களுக்கும் 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். சரக்கு வண்டிக்கும் அதில் பொருத்தும் சாமானுக்கும் கட்டிய வரியை, முறையாகக் கணக்கு வைக்கும் வணிகர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். 11,800 ரூபாய் பில்லில் 1,800 ரூபாய் வரி என்றால் அந்த 1,800 நமக்கு வரவு. ஆனால் பில் கடையின் பெயரிலும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும். அந்த வரித் தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் கேட்கக் கூடாது.

காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்காரர்களுக்கு இந்த வரவு கிடையாது. சொந்த உபயோகக் காருக்கும் கிடையாது. ஆகவே ஒரே சாமான் ஒருவருக்கு 10,000 ரூபாய், மற்றவருக்கு 11,800 ரூபாய். பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார் என்று நாமும் வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கூடுதல் சாமான்

பட்டியலில் பளபளப்பில்லாத வரி ஒன்று உண்டு. அதுவே பல சமயம் மிகவும் உபயோகமானது. இன்சூரன்ஸில் சேர்க்கும் தனிக் காப்புகளைச் சொல்கிறோம்.

சரக்கு வண்டிக்குச் சாதாரண பாலிசி எடுத்தால், வண்டி முற்றிலும் அழிந்தாலொழிய விளக்கு, டயர், மட்கார்டு, பானெட் பக்கப் பகுதி, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றின் சேதத்துக்கு இழப்பீடு வராது. இவற்றைச் சேர்க்க "ஐ.எம்.டி. 23" என்ற தனி விதி உண்டு. நெரிசலான கடைவீதியில் தினமும் அடிபடுவது இந்தப் பாகங்களே. பாலிசித் தாளில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநருக்கும் சுமை ஏற்றி இறக்கும் ஆளுக்கும் உரிய பொறுப்புக் காப்பையும் கேட்டுச் சேருங்கள். தொகை சிறியது. ஒரு விபத்தில் கடையே ஆடிப்போகாமல் அது காக்கும்.

காருக்கு இழப்பீடு தரும்போது ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். அதைக் கழிக்காமல் கொடுக்கும் காப்பைத்தான் பம்பர் டு பம்பர் என்கிறார்கள். முதல் சில வருடங்களுக்கு இது பயன்படும். பாலிசியை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது நம் விருப்பம். ஷோரூம் சொல்லும் பிரீமியத்தை வெளியிலும் விசாரியுங்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்திய சாமான்களைப் பாலிசியில் விலையோடு எழுதிச் சேர்க்காவிட்டால், திருடு போனாலும் உடைந்தாலும் ஒன்றும் கிடைக்காது. எழுதிச் சேர்த்தாலும் மதிப்பு வருடாவருடம் குறையும். வண்டியின் நான்கு வருடம் முடிந்தால் பாலிசிக் கணக்கில் மதிப்பு பாதிதான்.

கடனில் சேர்க்கும்போது

"எல்லாவற்றையும் லோனிலேயே போட்டுவிடலாம், தவணையில் ஆயிரம் ரூபாய்தான் கூடும்" என்பார்கள். கணக்குப் போடுவோம். 40,000 ரூபாய் கூடுதல் சாமானை 11 சதவீத வட்டிக்கு நான்கு வருடக் கடனில் சேர்த்தால் மாதம் சுமார் 1,034 ரூபாய். நான்கு வருடத்தில் கட்டுவது சுமார் 49,600 ரூபாய். அப்போது அந்தச் சீட் கவர் கிழிந்து போயிருக்கும்.

அதே 40,000 ரூபாய் கடையில் சரக்காக இருந்து மாதம் ஒருமுறை சுற்றினால், நூற்றுக்கு ஐந்து லாபம் என்றாலும் மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும். பண்டிகைக்கு முன் ரொக்கம் இல்லாமல் சரக்கை விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்கு வாடிக்கையாளர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை நமக்கு வேண்டாம். மளிகைக்காரருக்குச் சுழலும் பணமே உயிர். வண்டியில் முடங்கும் ஒவ்வொரு ரூபாயும் கல்லாவிலிருந்து எடுத்த ரூபாய்.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாமானையும் இப்படிக் கேளுங்கள்: இது நம் சரக்கைக் காப்பாற்றுகிறதா? ஓட்டுநரைக் காப்பாற்றுகிறதா? நடையைக் கூட்டுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது ஆசைக்கு வாங்குவது. ஆசைப்படுவது தவறல்ல. ஆனால் அதை லாபத்திலிருந்து வாங்க வேண்டும், கடனிலிருந்து அல்ல.

கையெழுத்துக்கு முன்

1. வண்டியின் விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், கூடுதல் சாமான்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் எழுதிய விலைப்பட்டியலைக் கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

2. பட்டியலை வீட்டுக்கு எடுத்து வந்து, ஆர்டரிலேயே வேண்டியது, பிறகு வாங்குவது, வேண்டாதது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஓட்டுபவர் அவரே.

3. "ஹேண்ட்லிங்" போன்ற பெயரில் தொகை இருந்தால், அது எந்த வேலைக்கு என்று கேட்டு, பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

4. இலவசம் என்று சொல்லும் சாமானுக்குப் பதிலாக அந்தத் தொகையை விலையில் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அது இலவசமல்ல, நம் பணமே.

5. ஒப்புக்கொண்ட சாமான், ரகம், நிறம், பாடி வகை அனைத்தும் புக்கிங் படிவத்தில் எழுத்தில் இருக்கட்டும். வண்டி எடுக்கும் நாளில் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு சாவியை வாங்குங்கள்.

கொள்முதலில் காட்டும் கண்டிப்பை வண்டி வாங்குவதிலும் காட்டினால், வண்டி கடைக்கு உழைக்கும். காட்டாவிட்டால் கடை வண்டிக்கு உழைக்க வேண்டிவரும். இந்த வருடம் வண்டி மாற்ற எண்ணியிருக்கும் உறுப்பினர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, ஷோரூமுக்குப் போகும் நாளில் கூட எடுத்துச் செல்வார்களாக.